ஐலா புகை விஸ்கி: 35 பி.பி.எம். எப்படி 55-ஐ விடக் கனமாகத் தெரிகிறது?

புகைமூட்டம்:

வணக்கம் நண்பர்களே. ஸ்காட்லாந்தின் ஐலா தீவுச் சரக்குகளான குலீலா 12, லாகவூலின் 16, ஆர்ட்பெக் 10 (எண் வயது) மூன்றையும் ஒரே உட்காரலில் ஒப்பிட்டுக் குறிப்பு எழுதப் பார்க்கிறேன். சாராயம் முதல் இரண்டிலும் 43%, ஆர்ட்பெக்கில் 46%. நான்கு இடத்தில் சிக்குகிறது.

முதலில் பி.பி.எம்., அதாவது பத்து லட்சத்தில் எத்தனை பங்கு புகைச் சேர்மம் என்ற கணக்கு. ஆர்ட்பெக் 55 என்கிறார்கள், மற்ற இரண்டும் ஏறக்குறைய 35. ஆனால் நாக்கில் லாகவூலின்தான் கனம். குலீலா அதே 35-ஐ வைத்துக்கொண்டு எலுமிச்சை பிழிந்த மாதிரி லேசாக நிற்கிறது. எண் பொய்யா, நாக்கு பொய்யா?

அடுத்தது, இரண்டாவது கோப்பை தாண்டியதும் மூன்றும் ஒரே புகையாகிவிடுகிறது.

மூன்றாவது, தண்ணீர். "சில துளி" என்றுதான் எல்லாரும் எழுதுகிறார்கள். சில துளி என்றால் எத்தனை மி.லி.? ஆர்ட்பெக்கில் தண்ணீர் விட்டதும் லேசாகக் கலங்கியது. கெட்டுப்போன சரக்கா?

கடைசியாக மதிப்பெண். புகை ஏறினால் மதிப்பெண்ணும் கூடவே ஏறிவிடுகிறது. இரண்டையும் எப்படிப் பிரிப்பது?

ஊற்றுவது ஒவ்வொன்றும் ஸ்மால், அதாவது 30 மி.லி. சாதாரண அடிகனத்த விஸ்கி கிளாஸ். அறை வெப்பம் 31 டிகிரி.

கழுத்துக்குழாய்:

எண்ணும் பொய்யில்லை, நாக்கும் பொய்யில்லை. இரண்டும் அளப்பது வெவ்வேறு பொருளை. அந்த பி.பி.எம். என்பது பீட் (சதுப்பு நிலத்தில் வெட்டும் மக்கிய எரிபொருள்) புகையில் உலர்த்திய மால்ட் பார்லியில், அதாவது முளைகட்டிய பார்லியில், இருக்கும் ஃபினால் என்ற புகைவாசனைச் சேர்மங்களின் அளவு. பாட்டிலுக்குள் இருப்பதை யாரும் அதில் சொல்லவில்லை. மால்ட்டை அரைத்து வெந்நீரில் சாறெடுக்கும்போது ஒரு பங்கு சக்கையோடு போகிறது. வடிக்கும்போது பெரிய பங்கு போகிறது. மிஞ்சியதும் பீப்பாயில் வருஷம் போகப் போகத் தேய்கிறது.

உங்கள் மேசையிலேயே இதற்கு ஒரு பரிசோதனைக்கூடம் இருக்கிறது. குலீலா, லாகவூலின் இரண்டுமே டியாஜியோ நிறுவனத்துடையவை. இரண்டுக்கும் மால்ட் வருவது ஐலாவிலேயே உள்ள போர்ட் எல்லன் மால்ட்டிங்ஸ் என்ற மால்ட் ஆலையிலிருந்து, ஏறத்தாழ ஒரே புகை அளவில். ஆக பார்லி ஒன்று, புகை ஒன்று. மாறுவது வடிகலன். குலீலாவின் கலன்கள் உயரமானவை, அவற்றை முழுக்க நிரப்பாமல் ஓட்டுகிறார்கள். ஆவி மேலே போகிற வழியில் செம்பில் பட்டுக் குளிர்ந்து திரும்பத் திரும்பக் கீழே விழும். கனமான ஃபினால்கள் பின்தங்கிவிடும். லாகவூலினில் பேரிக்காய் மாதிரிக் குண்டுக் கலன்கள், ஆவியை வெளியே கொண்டுபோகும் கழுத்துக்குழாய் செங்குத்தாகக் கீழ்நோக்கிச் சாயும், ஓட்டமும் நிதானம். ஏறிய கனம் திரும்பிப் போக வழி குறைவு. நீங்கள் நாக்கில் உணர்ந்த வித்தியாசம் அதுதான்.

அடுத்தது வெட்டு. வடிந்து வருவதில் தலை, நடு, வால் என்று மூன்று பகுதி. நடுப்பகுதியை மட்டும் பீப்பாய்க்கு எடுப்பார்கள். பழவாசனை தரும் எஸ்டர்கள் முன்னால் வரும், ஃபினால்கள் பின்னால் வரும். எங்கே தொடங்கி எங்கே நிறுத்துகிறார்கள் என்பதில்தான் புகையின் சுபாவமே இருக்கிறது. ஐலாவின் இன்னொரு ஆலையான லஃப்ராய்கில் தலையை 45 நிமிடம் ஓடவிட்டுத் தள்ளுகிறார்கள், வடிவதன் சாராயம் 60%-க்கு இறங்கும் வரை நடுவை இழுக்கிறார்கள். முன்னால் வந்த பழம் வெளியே, பின்னால் வந்த தார் உள்ளே. 40-45 பி.பி.எம். மால்ட்டை வைத்துக்கொண்டு அது அவ்வளவு ஆஸ்பத்திரித்தனமாக இருப்பதற்குப் பாதிக் காரணம் இதுவே.

ஆர்ட்பெக்கில் நேரெதிர். இரண்டாம் வடிப்புக் கலனின் கழுத்துக்குழாயில் பியூரிஃபையர் என்ற சின்னச் செம்புப் பாத்திரம் தொங்கும். கனமானதைப் பிடித்துக் கலனுக்கே திருப்பி அனுப்புவது அதன் வேலை. 55-க்கு மால்ட் போட்டும் எலுமிச்சையும் இனிப்பும் மேலே தெரிவது அதனால்.

எண்ணை வைத்தே வாங்குகிறவர்கள் ப்ருக்லாடி ஆலையின் ஆக்டமோர் 8.3-ஐ நினைத்துக்கொள்ளலாம். மால்ட்டில் 309.1 பி.பி.எம். லஃப்ராய்கை விட ஏழு மடங்கு புகையா என்றால், இல்லை. ப்ருக்லாடியின் கலன்கள் உயரமும் ஒல்லிக் கழுத்துமானவை. அந்த பாட்டிலில் முகத்தில் அறைவதில் ஒரு பங்கு புகை, இன்னொரு பங்கு 61.2% சாராயம். பி.பி.எம். உருப்படியாகப் பயன்படும் ஒரே இடம், ஒரே ஆலைச் சரக்குகளை ஒப்பிடும்போது. ப்ருக்லாடியிலேயே 40-ல் போர்ட் ஷார்லட், 80-க்கு மேல் ஆக்டமோர். கலன் ஒன்றே என்பதால் அங்கே எண்ணுக்கு அர்த்தம் உண்டு.

வயதின் வேலையைப் பார்க்க லாகவூலின் 8-ஐயும் 16-ஐயும் அருகருகே வையுங்கள். 8 வருஷச் சரக்கு 48%. 20 மி.லி.க்கு 2.3 மி.லி. தண்ணீர் விட்டால் அதுவும் 43-க்கு வந்துவிடும். அதைச் செய்யாமல் ஒப்பிட்டால் புகையையா சாராயத்தையா எதை ஒப்பிட்டோம் என்றே தெரியாது.

மூக்குக்கண்ணாடி:

மேலே உள்ளவர் ஆலையைப் பார்த்துக்கொண்டார். நான் மேசைக்கு வருகிறேன்.

அந்த அடிகனத்த கிளாஸை ஐஸுக்கு வைத்துக்கொள்ளுங்கள். மோந்து பார்க்க வயிறு அகன்று வாய் குறுகியது வேண்டும். கிளென்கேர்ன் என்ற விஸ்கி கிளாஸ் இருந்தால் சரி, சின்ன ஒயின் கிளாஸும் போதும். மூன்றும் ஒரே வடிவம் என்பது முக்கியம். 30 மி.லி. அதிகம், 20 ஊற்றுங்கள். 31 டிகிரியில் சாராய நெடி முந்திக்கொண்டு மூக்கை எரிக்கும். குளிர்ந்த தண்ணீர்க் கிண்ணத்தில் கிளாஸின் அடியை ஐந்து நிமிடம் வைத்து 20 டிகிரிக்குக் கொண்டுவாருங்கள். ஐஸ், ஃப்ரீசர் எதுவும் வேண்டாம். குளிர்ந்தால் வாசனை அடங்கிவிடும், மதிப்பிட ஒன்றும் மிஞ்சாது.

அறையைச் சொல்ல மறந்துவிடுவார்கள். கொசுவத்திச் சுருள், ஊதுபத்தி, சாம்பிராணி எதுவும் இரண்டு மணி நேரத்துக்கு முன்பே அணைந்திருக்க வேண்டும். புகையை எடைபோடுகிற இடத்தில் இன்னொரு புகை இருந்தால் தராசே கோணல்.

மேலே ஒரு சின்னத் தட்டு போட்டு மூடி, 10 நிமிடம் விடுங்கள். வயதுக்கு ஒரு நிமிடம் என்ற கணக்கெல்லாம் பேச்சுக்கு அழகு, அவ்வளவே.

உங்கள் இரண்டாவது பிரச்சினைக்கு விடை: மூன்றையும் மோந்து முடிக்கும்வரை ஒன்றையும் குடிக்காதீர்கள். வரிசை குலீலா, லாகவூலின், ஆர்ட்பெக், அதாவது குறைந்த சதவீதத்திலிருந்து கூடியதற்கு. ஒயின் மாதிரிச் சுழற்ற வேண்டாம். சுழற்றினால் முதலில் எழும்புவது எத்தனால். வாயை லேசாகத் திறந்து, கிளாஸை முகவாய் மட்டத்தில் பிடித்து, இரண்டு விநாடி மோந்துவிட்டு விலக்குங்கள். மூன்று மோப்பம் போதும். பிறகு அரை நிமிடம் உங்கள் சட்டைக்கையை மோந்து பாருங்கள், மூக்கு பழைய நிலைக்கு வரும். காபிக்கொட்டையை மோந்தால் மூக்கு புதுசாகும் என்பது கடைக்காரர் வித்தை, வெறும் காற்றை விட அது ஒன்றும் கூடுதலாகச் செய்வதில்லை.

மூக்கு மரத்துப்போவதைச் சாதகமாகவும் திருப்பலாம். ஆர்ட்பெக்கை விடாமல் ஒரு நிமிடம் மோந்துகொண்டிருந்தால் மூக்கு புகையைக் கண்டுகொள்வதை நிறுத்திவிடும். அப்போது அடியில் இருக்கும் எலுமிச்சைத் தோல், வெனிலா, மிளகு மேலே வரும். புகைக்குக் கீழே சரக்கு இருக்கிறதா, வெறும் புகை மட்டும்தானா என்று தெரிவது அந்த ஒரு நிமிடத்தில். இதைக் கடைசிக் கோப்பையில் மட்டும் செய்யுங்கள்.

வாய்க்கு வருவோம். முதல் மடக்கு 2 மி.லி., நாக்கைப் பழக்க. அதற்குக் குறிப்பு எழுதாதீர்கள், காரம் மட்டும்தான் தெரியும். இரண்டாவது 3-4 மி.லி., பத்து விநாடி நாக்கு முழுக்கப் புரட்டி, விழுங்கி அல்லது துப்பி, வாயை மூடி மூக்கு வழியாக மூச்சு விடுங்கள். புகையின் பெரும்பகுதி அந்த மூச்சில்தான் வரும். அங்கிருந்து கடிகாரத்தைப் பாருங்கள்: சாம்பல் எப்போது வந்தது, இனிப்பு எப்போது விலகியது, கசப்பு தங்கியதா. "நீண்ட ஃபினிஷ்" என்று எழுதுவதை விட "90 விநாடியில் இனிப்பு போய்ச் சாம்பல் மட்டும்" என்று எழுதினால் அடுத்த மாதம் உங்களுக்கே புரியும். ஒவ்வொன்றுக்கும் இடையே ஐந்து நிமிடம், தண்ணீர், உப்பில்லாத வெள்ளை ரொட்டி ஒரு துண்டு.

தண்ணீர்: மருந்துக்கடையில் 5 மி.லி. சிரிஞ்ச், ஊசி இல்லாமல். கணக்கு எளிது. இருக்கும் சதவீதத்தை வேண்டும் சதவீதத்தால் வகுத்து, ஒன்றைக் கழித்து, ஊற்றிய அளவால் பெருக்குங்கள். 20 மி.லி. 46%-ஐ 40-க்கு இறக்க 3 மி.லி. காஸ்க் ஸ்ட்ரெங்த், அதாவது பீப்பாயில் இருந்த வீரியத்திலேயே அடைத்த சரக்கு, 57.5%-ஐ 46-க்கு இறக்க 5 மி.லி. 43%-ஐ 38-க்கு இறக்க 2.6 மி.லி. ஒரே அடியாக விடாமல் 1 மி.லி. ஆக விட்டு, ஒவ்வொரு முறையும் இரண்டு நிமிடம் பொறுத்து மோந்து பாருங்கள்.

குழாய்த் தண்ணீர் கூடாது. குளோரினும் ஃபினாலும் சேர்ந்தால் குளோரோஃபினால். அது துளியளவு இருந்தாலே மருந்து வாடை அடிக்கும். குடிநீர் சுத்திகரிப்பில் பழைய தலைவலி அது. விஸ்கியின் மருந்து வாடை எது, தண்ணீரின் மருந்து வாடை எது என்று பிரிக்கவே முடியாது. தாதுக்கள் குறைந்த பாட்டில் தண்ணீர் போதும்.

கலங்கியது கெட்டதல்ல. ஆர்ட்பெக் 10 குளிர்வடிகட்டல் செய்யாத சரக்கு. கொழுப்பு அமில எஸ்டர்கள் 46%-ல் கரைந்திருக்கும். தண்ணீரோ குளிரோ பட்டால் கரைதிறன் குறைந்து மங்கலாகத் தெரியும். வாயில் எண்ணெய்ப் பசை தருவதில் அவற்றுக்கும் பங்குண்டு.

வாடைக்காற்று:

இரண்டு பேரும் வடிவாய் எழுதியிருக்கிறீங்கள். நான் சொல்ல வந்தது சொற்களைப் பற்றி. "புகை மணம்" எண்டு ஒரே சொல்லில் எழுதினால் மூன்று போத்தலும் ஒண்டாத்தான் தெரியும். புகை ஒரு பொருள் இல்லை, அது ஒரு குடும்பம். ஆளாளுக்குப் பேர் வையுங்கோ.

ஃபினால், கிரெசால் எண்ட சேர்மங்களின் பக்கம் வந்தால் கார்பாலிக் சோப்பு, பினாயில் விட்டுக் கழுவின ஆஸ்பத்திரித் தரை, பிளாஸ்டர், கொஞ்சம் கனத்தால் புது ரோட்டுத் தார். லஃப்ராய்க் இந்தப் பக்கம். இங்கிலீசில எழுதுற ஆக்கள் இதை அயோடின் எண்டுவினம். குவையக்கால் எண்ட இன்னொரு சேர்மத்தின் பக்கம் வந்தால் விறகுப் புகை, கிராம்பு, புகைபோட்ட மீன். மாசிக்கருவாட்டுத் துண்டை உடைச்சு மணந்து பாருங்கோ, அதுதான். லாகவூலினில் இதோட உலர்ந்த பழமும் கருந்தேயிலையும் சேரும். குலீலாவில் அணைஞ்ச அடுப்புச் சாம்பல், எலுமிச்சை, கொஞ்சம் எண்ணெய்ப் பசை. சாம்பல் வேறை, எரியிற விறகு வேறை, அணைஞ்ச விறகு வேறை. இந்த மூண்டையும் பிரிச்சு எழுதப் பழகினாலே குறிப்பு பாதி திருந்திவிடும்.

பயிற்சிக்குச் செலவே இல்லை. டெட்டால் ஒரு சொட்டு, கிராம்பு, மாசி, சுட்ட கத்தரிக்காயின் தோல், கரித்துண்டு. ஐந்து சின்னப் போத்தலில் போட்டு, கண்ணை மூடி மணந்து, பேர் சொல்லிப் பாருங்கோ. பிறகு விஸ்கிக்கு வாங்கோ.

கடல் உப்பு எண்டு கனபேர் எழுதுவினம். நாக்குக்குத் தெரியிற அளவு உப்பு உள்ளுக்குள்ள இல்லை. ஐலாவில் வடிச்ச சரக்கில் கனக்க ஸ்காட்லாந்துப் பெருநிலத்திலதான் முதிருது, அதையும் மறக்கக் கூடாது. "உப்பு மாதிரி" எண்டு எழுதலாம், பிழையில்லை, ஆனால் கடற்காற்றைக் காரணமாச் சொல்லாதேங்கோ.

பீட் எங்கே வெட்டினது எண்டதும் மணத்தில் தெரியும். ஓர்க்னித் தீவில் மரம் அரிது, ஹெதர் புதர்தான். அங்கே வடிக்கிற ஹைலண்ட் பார்க்கின் புகையில் மருந்து மணம் இல்லாமல் தேனும் பூவும் நிக்கிறதுக்கு அது ஒரு காரணம். ஐலாவுக்குப் பக்கத்தில் வைச்சு மணந்தால் உடனே விளங்கும்.

இனிக் குறைகள். புகைக்குப் பின்னால் ஒளிஞ்சிருக்கிறதுதான் இதில் கஷ்டம்.

கந்தகம்: உரசின தீக்குச்சி, வெடி மருந்து, அவிச்ச முட்டை. ஷெரி ஒயின் இருந்த பீப்பாயில் முதிர்ந்த சரக்கில் இதைப் புகை எண்டு நினைச்சு மதிப்பெண் போடுற ஆக்கள் கனபேர். சோதிக்க ஒரு வழி: சரக்கை இரண்டு கிளாஸில் பிரிச்சு, ஒண்டில் நல்லாய்த் தேய்ச்சுக் கழுவின செம்புக் கம்பித் துண்டைப் பத்து நிமிசம் போட்டு வையுங்கோ. கந்தகம் எண்டால் செம்பு போட்டதில் வாடை குறையும், பீட் புகை எண்டால் அப்பிடியே நிக்கும். செம்பு போட்டதைக் குடிக்காமல் ஊத்திவிடுங்கோ.

வால் பிந்தி வெட்டினது: ஈர அட்டைப்பெட்டி, வியர்த்த தோல், பழைய சீஸ். பீட் சரக்குக்கு வாலை நீட்டத்தான் வேணும், கொஞ்சம் கூடினால் இது வந்திடும். இளம் பீட் சரக்கில் சிலவேளை பியூட்டிரிக் அமிலம், குழந்தை கக்கின பால் மணம். பத்து நிமிசத்தில் பறந்தால் பொறுக்கலாம், நிண்டால் குறை எண்டே எழுதுங்கோ.

திறந்து கனநாளான போத்தல்: மூண்டில் ஒரு பங்குக்குக் கீழ இறங்கி மாதக்கணக்கில் கிடந்தால் புகை தட்டையாகும். உங்கட மூண்டும் எப்ப திறந்தது எண்டு குறிப்பில் எழுதுங்கோ, இல்லாட்டி ஒப்பீடு நியாயமில்லை.

புகைமூட்டம்:

மூவருக்கும் நன்றி. குலீலாவும் லாகவூலினும் ஒரே மால்ட் என்பது கண்ணைத் திறந்தது. இரண்டு விஷயம் பாக்கி. மதிப்பெண் பிரிப்பது ஒன்று. இன்னொன்று, பல சரக்குகளைக் கலக்கும் பிளெண்டர்கள் 20%-க்கு இறக்கித்தான் மோப்பார்கள் என்று படித்தேன். 40%-க்கே நாம் யோசிக்கிறோமே?

கழுத்துக்குழாய்:

20% என்பது அவர்கள் தொழிலுக்கு. நாள் ஒன்றுக்கு நூற்றுக்கணக்கில் மாதிரி பார்க்கிறவருக்கு மூக்கு எரியக் கூடாது, குறை இருந்தால் பளிச்சென்று தெரிய வேண்டும். 20 மி.லி. ஆர்ட்பெக்குக்கு 26 மி.லி. தண்ணீர். குறை தேட இதைச் செய்யலாம். அந்தக் கந்தகம், அட்டைப்பெட்டி எல்லாம் இதில்தான் பிடிபடும். ஆனால் மோந்து பார்க்க மட்டும். வாயில் அது கஞ்சித் தண்ணீர், அதற்கு மதிப்பெண் போடக் கூடாது.

தண்ணீரால் புகை கூடுமா குறையுமா என்ற சண்டைக்கு ஒரு ஆதாரம் உண்டு. ஸ்வீடனின் லின்னேயஸ் பல்கலைக்கழகத்தில் 2017-ல் கணினி மாதிரி வைத்துப் பார்த்தார்கள். 45% வரை குவையக்கால் மூலக்கூறுகள் திரவத்தின் மேற்பரப்பை நாடுகின்றன, 59%-க்கு மேல் எத்தனாலுக்குள் அமுங்குகின்றன. காஸ்க் ஸ்ட்ரெங்த் சரக்கைத் தண்ணீர் விடாமல் மோந்துவிட்டுப் புகை இல்லை என்று எழுதுவது அதனால் அவசரம். உங்கள் மூன்று பாட்டிலும் ஏற்கனவே 45-ஐ ஒட்டித்தான் இருக்கின்றன, பெரிய மாற்றம் எதிர்பார்க்காதீர்கள். 43%-ல் இருக்கும் இரண்டையும் 40-க்குக் கீழே இறக்க நான் சம்மதிக்க மாட்டேன், மூக்குக்கண்ணாடி சொன்ன 38 எனக்கு ஒப்பில்லை. லாகவூலினின் உடம்பே தளர்ந்துவிடும்.

மூக்குக்கண்ணாடி:

38-ஐ மோந்து பார்க்கச் சொன்னேன், குடிக்கச் சொல்லவில்லை. சரி, அது கிடக்கட்டும்.

மதிப்பெண்ணுக்கு இரண்டு தாள். முதல் தாளில் புகையின் அளவு மட்டும், 0 முதல் 10 வரை, மூன்று நேரத்தில்: ஊற்றி 10 நிமிடத்தில், 25 நிமிடத்தில், தண்ணீர் விட்ட பிறகு. இதை எங்கும் கூட்டாதீர்கள், இது வெறும் அளவு. பக்கத்தில் வகை: மருந்தா, விறகா, சாம்பலா, தாரா. இரண்டாவது தாளில் தரம்: மூக்கு, வாய், ஃபினிஷ், சேர்மானம், ஒவ்வொன்றுக்கும் 25. சேர்மானத்துக்கு ஒரே கேள்வி: புகையைக் கழித்துவிட்டால் அடியில் என்ன மிஞ்சும்? மூன்று பொருள் பெயர் சொல்ல முடியவில்லை என்றால் 15-ஐத் தாண்டாதீர்கள். என் கணக்கில் புகை 4 வாங்கும் குலீலா, புகை 8 வாங்கும் பல பாட்டில்களைத் தரத்தில் முந்தும்.

கிளாஸைக் கழுவாமல் ஒரு இரவு வையுங்கள். எத்தனால் 78 டிகிரியில் கொதிப்பது, ஃபினால் ஏறக்குறைய 182-ல், குவையக்கால் 205-ல். எத்தனால் பறந்த பிறகும் இவை கண்ணாடியில் ஒட்டியிருக்கும். காலையில் காய்ந்த கிளாஸை மோந்தால் சாராய நெடி தலையிடாத சுத்தமான புகை கிடைக்கும். வகையை எழுத அதுவே நல்ல நேரம்.

நிஜமாகவே பிரித்தறிகிறீர்களா என்று பார்க்க: ஒருவரை விட்டு மூன்று கிளாஸ் ஊற்றச் சொல்லுங்கள், இரண்டில் குலீலா, ஒன்றில் லாகவூலின், அடுத்த முறை மாற்றி. நிறம் தெரியாமல் கண்ணைக் கட்டிக்கொள்ளுங்கள். ஸ்காட்ச்சில் கேரமல் நிறம் சேர்க்கச் சட்டமே இடம் தருகிறது, அடர்நிறத்தைப் பார்த்து மூக்கு ஏமாறும். வேறானது எது என்று சொல்ல வேண்டும். குருட்டாம்போக்கில் மூன்றில் ஒன்று சரியாகும். ஆறு முறையில் நான்கு சரி என்றால் இன்னும் நம்பாதீர்கள், பத்தில் ஒரு தடவை அது அதிர்ஷ்டத்திலேயே வரும். ஐந்து சரி என்றால் அதிர்ஷ்டத்துக்கு 2%-க்கும் குறைவான வாய்ப்பு. ஒரே நாளில் இரண்டு சுற்றுக்கு மேல் வேண்டாம், மூன்று நாளாகப் பிரியுங்கள். ஒவ்வொரு கிளாஸிலும் 5 மி.லி. போதும்.

வாடைக்காற்று:

ஊத்திற ஆள் அறையை விட்டுப் போகவேணும், அதையும் சேருங்கோ. முகத்தைப் பார்த்தே கண்டுபிடிச்சிடுவினம்.